தில்லியின் சுமைகள் – 9: தூண் ஏறிய தானியப் படகு

யமுனையிலிருந்து ஹிசார் வரை ஃபிரோஸ் ஷா துக்ளக் வெட்டிய கால்வாய்களைச் சென்ற இதழில் பார்த்தோம். கோடையில் அந்தப் பக்கம் வரும் வழிப்போக்கர்கள் ஒரு குடம் தண்ணீருக்கு நான்கு ஜித்தல் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்று வரலாற்றாசிரியர் ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் எழுதுகிறார். அப்படிப்பட்ட வறண்ட சீமை அது. அங்கே தண்ணீரைக் கொண்டுபோன அதே சுல்தான், அதே ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தன் தலைநகருக்கு ஒரு கல்தூணையும் கொண்டுவந்தார். தில்லியின் ஃபிரோஸ் ஷா கோட்லாவில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் இன்றும் நிற்கும் அசோகர் தூண் அதுதான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நாற்பத்திரண்டு சக்கர வண்டியைச் சொல்லி வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வண்டி வியப்புக்குரியதுதான். ஆனால் தூணைத் தில்லி சேர்த்தது அந்த வண்டி மட்டுமன்று. இலவம் பஞ்சு, பச்சைத் தோல், நெல்லும் கோதுமையும் ஏற்றும் படகு, உழவரின் கை என்று அந்த நாட்டில் தினசரிப் புழக்கத்தில் இருந்த பொருளும் ஆளும்தான் அதன் பெரும்பகுதி வேலையைச் செய்தன என்பது என் வாதம். பாதையில்லா நாட்டில் பெருஞ்சுமை நகர்ந்த கதைகளில் பலவற்றை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் மிகைப்பேச்சு உதிர்ந்து, நடந்தது என்ன என்பது தெளிவாகிறது.

முதலில் சான்றுகள். நமக்கு இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று, அஃபீஃப் எழுதிய ‘தாரீக்-இ-ஃபிரோஸ் ஷாஹி’. தூண் வந்தபோது தனக்குப் பன்னிரண்டு வயது என்கிறார் அவர். எழுதியதோ 1398இல் தைமூர் தில்லியைச் சூறையாடிய பிறகு. மற்றொன்று, சுல்தான் உயிரோடு இருக்கும்போதே 1370 அளவில் எழுதப்பட்ட, ஆசிரியர் பெயரற்ற ‘சீரத்-இ-ஃபிரோஸ்ஷாஹி’. தூண் இறக்கிய, ஏற்றிய முறையை அது படங்களோடு விளக்குகிறது; அதன் பிற்காலப் பிரதி ஒன்று பாட்னா குதாபக்ஷ் நூலகத்தில் இருக்கிறது. அஃபீஃபின் கணக்குப்படி சிந்துவின் தட்டாமீது படையெடுத்துத் திரும்பிய பிறகே சுல்தானின் கவனம் தூண்கள்மீது திரும்பியது. அதாவது 1367ஐ ஒட்டிய காலம். தூண் நின்ற இடம் மலையடிவாரத்தில் கிஸ்ராபாத் பக்கத்துத் தோப்ரா கிராமம். இன்றைய ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டம். தில்லிக்குத் தொண்ணூறு கோசு என்கிறார் அஃபீஃப். பீமன் மாடு மேய்க்க வைத்திருந்த கோல் அது என்று ஊரார் சொன்னதையும் குறித்துவைத்திருக்கிறார். தூணில் வெட்டியிருந்த எழுத்தை அன்று படிக்க யாராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்துக் காட்டும்வரை அது அசோகருடையது என்பதே தெரியாது. ஆகவே சுல்தான் நகர்த்த நினைத்தது ஒரு பேரரசரின் கட்டளையை அன்று. யாரும் அசைக்க முடியாது என்று பெயரெடுத்த ஒரு பெருங்கல்லை.

தூணைச் சாய்த்த விதத்தைப் பாருங்கள். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோஆப் பகுதியிலும் அதற்கு வெளியிலும் இருந்த குடிகளும், குதிரைப்படையினரும், காலாட்களும் வேலைக்கான கருவிகளோடு வந்து சேர வேண்டும் என்று ஆணை பிறந்தது. இலவம் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கொண்டுவரச் சொன்னார்கள். அடிமண்ணைத் தோண்டியதும் தூண் பஞ்சு மெத்தையின்மேல் மெல்லச் சாய்ந்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ, சில நாட்களில் தூண் தரையில் பத்திரமாகப் படுத்துக்கொண்டது. அடியில் ஒரு பெரிய சதுரக் கல் கிடைத்தது; அதையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, தலை முதல் கால் வரை நாணலும் பச்சைத் தோலும் சுற்றினார்கள். இவற்றில் எந்தப் பொருளும் தலைநகரிலிருந்து வரவேண்டியதில்லை. இலவமரம் மலையடிவாரக் காடுகளில் தானே வளர்வது. அதன் பஞ்சு அன்றும் இன்றும் மெத்தைக்கும் தலையணைக்கும் போவது. நாணல் யமுனையின் படுகை முழுக்க மண்டிக் கிடப்பது. பச்சைத் தோல், கவலை இறைக்கும் சாலுக்காக ஊருக்கு ஊர் கிடைப்பது. ஈரமாகச் சுற்றினால் காயும்போது சுருங்கித் தானே இறுக்கிக்கொள்ளும். பதின்மூன்று மீட்டர் நீளக் கல் வழியில் எங்காவது தூக்கிப்போட்டு நடுவில் விரிசல் விட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். அந்த ஆபத்துக்கு அவர்கள் கண்ட காப்பு, பக்கத்துக் கிராமங்களின் கொல்லையில் கிடந்தது.

இனி வண்டி. நாற்பத்திரண்டு சக்கரம் என்றதும் பூதாகரமான ஒரு யந்திரம் மனதில் எழுகிறது. கணக்குப் போட்டால் அது கொஞ்சம் சிறுத்துவிடுகிறது. தூணின் எடை 27 டன் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 13 மீட்டர், அடிவிட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உச்சிவிட்டம் அதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த அளவுகளுக்குக் கன அளவு சுமார் 7 கனமீட்டர்தான் வரும். மணற்கல்லுக்கு அது 17 டன்னை ஒட்டி நிற்கும். என் வாதத்துக்குப் பாதகமான பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். 27 டன்னை நாற்பத்திரண்டு சக்கரத்தின்மீது பங்கிட்டால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 640 கிலோ. வண்டியின் சொந்த எடையைச் சேர்த்தால் இன்னும் இருநூறு, முந்நூறு கிலோ கூடலாம். ஒரு டன் சரக்கேற்றிய இரட்டைமாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அரை டன் தாங்குகிறது. ஆக அந்தப் பெருவண்டியின் ஒவ்வொரு சக்கரமும் தாங்கியது, அந்தப் பகுதித் தச்சர்கள் பரம்பரையாகச் செய்துவந்த வண்டிச் சக்கரம் தாங்குவதைவிட அதிகம்தான், ஆனால் அதன் இருமடங்கைத் தாண்டவில்லை. சக்கரத்தைப் பெரிதாக்கியோ இரும்பில் வார்த்தோ தீர்க்கக்கூடிய சிக்கலை, தெரிந்த சக்கரத்தின் எண்ணிக்கையைப் பெருக்கித் தீர்த்திருக்கிறார்கள். வண்டல் மண்ணில் அதுவே சரியான வழியும்கூட: சக்கரம் அதிகமாக ஆக, ஒவ்வொன்றும் மண்ணில் புதைவது குறையும்.

இழுத்த ஆட்களின் எண்ணிக்கை வேறு கதை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வடம், வடத்துக்கு இருநூறு பேர் என்கிறார் அஃபீஃப். பெருக்கினால் 8,400. இதை அப்படியே நம்பலாமா? நாற்பது டன் வண்டி, காற்பங்கு எடையை இழுவிசையாகக் கேட்கும் அளவுக்கு மோசமான மண் என்று வைத்துக்கொண்டாலும் தேவை பத்து டன் விசை. ஓர் ஆள் தொடர்ந்து பதினைந்து கிலோ அளவுக்கு இழுப்பான் என்றால் எழுநூறு பேர் போதும். புதைந்த வண்டியைக் கிளப்ப அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆள் வேண்டும் என்றாலும் எண்ணாயிரம் வராது. மேலும், இருநூறு பேர் ஒரே வடத்தில் நின்றால் வரிசையே நூறு மீட்டர் நீளும். நாற்பத்திரண்டு வரிசை பக்கம் பக்கமாகப் போக நாற்பது மீட்டர் அகலத்துக்கு வழி துப்புரவாக வேண்டும். ஆகையால் அந்த எண்ணை ஒரே நேரத்தில் தோள் கொடுத்தவர்களின் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. முறை மாற்றி இழுத்தவர்கள், முன்னால் போய்ப் பள்ளம் தூர்த்தவர்கள், மரம் வெட்டியவர்கள், வேடிக்கைக்கு வந்து கயிற்றைத் தொட்டவர்கள் எல்லோரையும் சேர்த்து ஊர் சொன்ன எண்ணாக அது இருக்கலாம். தேர்த் திருவிழா பார்த்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வடம் பிடிக்க ஆள் பஞ்சமே வராது, ஆனால் தேர் நிலை சேர்வது முட்டுக்கட்டை போடுகிறவரின் கையில்தான் இருக்கிறது. தூணின் பயணத்திலும் சிக்கல் இழுப்பதில் இல்லை. நின்ற கல்லைப் படுக்கவைப்பதிலும், தரையிலிருந்து தண்ணீருக்கு மாற்றுவதிலும், படுத்ததைத் திரும்ப நிமிர்த்துவதிலும்தான் இருந்தது.

தரைப் பயணம் எவ்வளவு தூரம்? இன்றைய நிலவரப்படி தோப்ராவிலிருந்து யமுனை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஆறு இடம் மாறும் சுபாவமுள்ளது என்பதால் அன்று இது சற்றுக் கூடவோ குறையவோ இருந்திருக்கலாம். எப்படியும் மொத்த வழியில் இது சிறு பங்குதான். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொண்டது. ஆற்றங்கரையில் பெரிய படகுகள் பல திரட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் 5,000, 7,000 மணங்கு தானியம் ஏற்றலாம், மிகச் சிறியதிலும் 2,000 மணங்கு ஏற்றலாம் என்கிறார் அஃபீஃப். படகின் கொள்ளளவை அவர் தானியத்தில் சொல்வதைக் கவனிக்க வேண்டும். தூணுக்கென்று கட்டிய படகுகளாக இருந்தால் நீளம், அகலம் சொல்லியிருப்பார். இவை தில்லிக்குத் தானியம் சுமந்துவந்த படகுகள். பிற்கால ஆங்கிலேயர் மணங்கு 37 கிலோ. அதை இங்கே பொருத்தினால் 7,000 மணங்கு 260 டன்னாகி, மேல் யமுனையின் ஆழத்துக்கு ஒத்துவராது. சுல்தான்கள் காலத்து மணங்கு 12 முதல் 15 கிலோ என்பதே அறிஞர்களின் கணிப்பு. அப்படியானால் சிறிய படகு 24 முதல் 30 டன், பெரியது 84 முதல் 105 டன். அதாவது தூணின் முழு எடையும் ஒரு நடுத்தரத் தானியப் படகின் சுமைக்குள் அடங்கிவிடுகிறது. அப்புறம் எதற்குப் பல படகுகள்? எடைக்காக அன்று, நீளத்துக்காக. ஒரே இடத்தில் அழுத்தும் பதின்மூன்று மீட்டர் கல் ஒரு படகின் முதுகை முறித்துவிடும். படகுகளைப் பிணைத்து அதன் மேல் கிடத்தினால் பாரம் பரவும், மிதவையும் அதிகம் அமிழாது. மலையிலிருந்து இறங்கியதும் மணல்திட்டுகளுக்கு இடையே கிளை பிரிந்து ஓடும் ஆற்றில் ஆழம் குறைவாக அமிழ்வதுதான் உயிர்நாடி. மழைக்கால வெள்ளத்தின் வேகம் அடங்கி, நீர் வற்றத் தொடங்குவதற்கு முந்திய வாரங்களே இப்படிப்பட்ட பயணத்துக்கு வாய்ப்பானவை.

போய்ச் சேர்ந்த இடமும் இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. 1354இல் சுல்தான் எழுப்பத் தொடங்கிய ஃபிரோஸாபாத் யமுனையின் கரைமேலேயே இருந்தது. தூண் ஏறிய கட்டடம் அங்கே ஜாமி மசூதிக்குப் பக்கத்தில், படகுத்துறைக்கு அருகில். இன்று அந்த நகரின் கோட்டையான கோட்லாவுக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலையும் மைதானமும் குறுக்கிடுவதால் இது உறைப்பதில்லை. ஆறு கிழக்கே ஒதுங்கிவிட்டது. புறப்பட்ட இடம் ஆற்றுக்குப் பக்கம், சேர்ந்த இடம் ஆற்றின் மேல், இடையில் நீரோட்டத்தின் போக்கிலேயே மிதப்பு. அசோகர் காலத்தில் இதே தூண் இதற்கு நேர்மாறாகப் போயிருக்க வேண்டும். கல் காசிக்கு அருகே சுனார் மலையில் வெட்டியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அது சரியானால் கங்கையிலும் யமுனையிலும் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறித்தான் தோப்ராவை அடைந்திருக்கும். பாதையில்லாத நாட்டில் பெருஞ்சுமைக்கு ஆறே முதல் வழி என்பது ஒரு காலத்துக்கோ நாட்டுக்கோ உரியதும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைநிலத்தின் சுரங்கங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் யந்திரங்கள் போனதும் இப்படித்தான். 1852 முதல் கொலராடோ ஆற்றில் அதிகம் அமிழாத நீராவிப் படகுகள் ஓடின. ஆறு விட்ட இடத்திலிருந்து சுரங்கம் வரை கோவேறு கழுதை வண்டி. 1877இல் யூமாவுக்கு ரயில் வந்ததும் அந்தப் படகுத் தொழில் தேயத் தொடங்கியது. நீராவி, இரும்பு, முதலாளிகள் என்று மற்ற எல்லாம் மாறியபோதும் வழியின் அமைப்பு மட்டும் மாறவில்லை: நீரில் முடிந்தவரை தொலைவு, தரையில் தவிர்க்க முடியாத அளவு.

தில்லியில் தூணை நிமிர்த்திய முறை இன்னொரு பாடம். உயரத்தில் தூக்கி வைக்க அவர்களிடம் பாரந்தூக்கி கிடையாது. ஆகவே கட்டடத்தையே தூணோடு வளர்த்தார்கள். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு படிநிலை கட்டி முடித்ததும் தூணை அதன்மேல் ஏற்றுவது, அடுத்த நிலையைக் கட்டுவது, மறுபடி ஏற்றுவது. வேண்டிய உயரம் வந்ததும் தடித்த கயிறுகளின் ஒரு நுனியைத் தூணின் தலையில் கட்டி, மறுநுனியை உறுதியாக நட்ட உருளைகளில் சுற்றி இழுத்தார்கள். அரை கஜம் எழும்பியதும் அடியில் மரக்கட்டைகளும் பஞ்சு மூட்டைகளும் திணித்து, இறங்கிவிடாமல் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு இன்னொரு அரை கஜம். இப்படி நாட்கணக்கில் இழுத்து, தூண் செங்குத்தாக நின்றதும் சுற்றிலும் உத்தரங்களைச் சாரமாக நட்டு அதைப் பிடித்துக்கொண்டார்கள். தோப்ராவில் எடுத்த அடிக்கல் இங்கும் அடிக்கல்லானது. இந்த வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஒரு தடவைக்கு அரை கஜம், ஒவ்வொரு தடவையும் முட்டு: கயிறு அறுந்தாலும் கல் அரை கஜத்துக்கு மேல் விழாது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான மறுப்பு, இரண்டாவது தூண். சுல்தான் மீரட்டிலிருந்தும் ஒன்றைக் கொண்டுவந்து, வடக்கே மேட்டின்மேல் இருந்த தன் வேட்டை மாளிகையில் நிறுத்தினார். மீரட் யமுனைக் கரையில் இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே இருக்கிறது. அது சேர்ந்த இடமோ ஆற்றங்கரைத் துறை அன்று, பாறை மேடு. ஆறுதான் எல்லாவற்றையும் முடித்தது என்றால் இது எப்படி வந்தது? ஒப்புக்கொள்ள வேண்டிய கேள்விதான். வண்டியால் இருபது கிலோமீட்டருக்கு மேலும் போக முடிந்தது. ஆறு கட்டாயத்தால் மட்டும் தேர்ந்த வழி அன்று, செலவு குறைந்த வழி என்பதாலும் தேர்ந்தது. ஆனால் மீரட் தூண் முதல் தூணைவிடச் சிறியது என்பதையும், அந்தத் தோஆப் நிலம் உழுது சமனான, தானிய வண்டிகள் ஏற்கெனவே தடம் போட்ட நிலம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆறும் இல்லாமல் தடமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹிசாரையும் ஃபதேஹாபாதையும் பார்க்கலாம். சுல்தான் எழுப்பிய இரண்டு ஊர்களிலும் அசோகர் காலத்துத் தூண்துண்டுகள் நிற்கின்றன. இரண்டும் ஒரே தூணின் பகுதிகளாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், வற்றிப்போன கக்கர் ஆற்றுப் பக்கத்து மணல் நாட்டில் சுல்தானால் நிறுத்த முடிந்தது துண்டுகளைத்தான். முழுத் தூண் யமுனை தொட்ட தில்லிக்கு மட்டுமே வாய்த்தது. ஃபதேஹாபாத் தூணில் துக்ளக் வம்ச வரலாற்றைப் பொறித்துப் பெருமையைக் கூட்டிக்கொண்டார். நீளத்தைக் கூட்ட முடியவில்லை.

எல்லாம் சாதாரணப் பொருள் என்று சொல்வது அந்தப் பொறியாளர்களைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்றும் கேட்கலாம். சிறுமைப்படுத்தவில்லை, அவர்களின் திறமை எங்கே இருந்தது என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன். எந்த வேலைக்கு எந்தப் பொருள், எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாக என்பதைக் கண்டதில் இருந்தது. சீரத்தின் ஆசிரியர் அந்த வரிசையைப் படம் போட்டு விளக்கத் தகுந்ததாக நினைத்தார் என்பதே, சமகாலத்தவர் அந்தத் திறமையை அடையாளம் கண்டதற்குச் சான்று. இரண்டு நூற்றாண்டுக்குப் பின், 1586இல், ரோமில் போப்பாண்டவருக்காக டொமினிகோ ஃபொன்தானா ஓர் எகிப்தியத் தூணை இடம் மாற்றினார். அது தில்லித் தூணைவிடப் பன்மடங்கு எடை. ஏறத்தாழ 330 டன். ஆனால் நகர்ந்த தொலைவு சில நூறு மீட்டர். அவரும் சுமார் 900 ஆட்களையும் குதிரைகளையும் கயிறுகளையும் கொண்டே செய்தார். அவரும் படங்களோடு புத்தகம் வெளியிட்டார். அங்கே ஃபொன்தானாவின் பெயர் நிலைத்தது. இங்கே அஃபீஃபின் பக்கங்களில் ஆணையிட்ட சுல்தானின் பெயர் மட்டும் நிலைத்தது. அந்த ஆணைக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் தோஆப் குடிகள் இல்லை. உழவுக்கும் அறுப்புக்கும் வேண்டிய நாட்களை வடம் பிடிப்பதில் இழந்தவர்களுக்கும், தானியம் ஏற்ற வேண்டிய படகைக் கல்லுக்குக் கொடுத்தவர்களுக்கும் அந்தப் பருவம் எவ்வளவு நட்டத்தில் முடிந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சாதாரண வாழ்க்கையிலிருந்து கருவிகளை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பெருவேலையும், எடுத்துக்கொண்ட நாட்களுக்கு அந்த வாழ்க்கையை நிறுத்திவைக்கிறது. நாற்பத்திரண்டு சக்கரத்தை எண்ணுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்து எண்ண வேண்டும்.

தைமூர் தில்லியில் இருந்த நாட்களில் இந்த இரண்டு தூண்களையும் பார்த்து, தான் கடந்துவந்த நாடுகளில் இதுபோன்றதைக் கண்டதில்லை என்று சொன்னதாக அஃபீஃப் பதிவுசெய்கிறார். மேட்டின்மேல் நின்ற மீரட் தூண் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபரூக்சியர் ஆட்சியில், வெடிமருந்து வெடித்துத் துண்டாகி, 1867இல் மறுபடி ஒட்டி நிறுத்தப்பட்டது. தோப்ராத் தூண் முழுசாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொடருக்கு முக்கியமான முடிவு தூண் நிற்பதில் இல்லை. ஒரு சுல்தான் நினைத்தால் ஒரு பருவத்துக்குத் திசைதிருப்பிவிடக்கூடிய அளவுக்குப் படகும் வண்டியும் கயிறும் தச்சரும் அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதுதான் முடிவு. அந்த ஏற்பாடு ஆண்டு முழுக்க எதைச் சுமந்தது, ஆறே இல்லாத ராஜஸ்தான் மணலில் அது எப்படி இயங்கியது என்பது அடுத்த கேள்வி. அங்கே விடை சொல்ல வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கான எருதுகளோடு தானியமும் உப்பும் ஏற்றி நடந்த பஞ்சாராக்கள். 1632இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகர் வழியில் சந்தித்த ஒரே கூட்டத்தில் 14,000 எருதுகள் இருந்ததாக எழுதுகிறார். அந்த எண்ணையும் இதே தராசில் வைத்து அடுத்த இதழில் நிறுத்துப் பார்ப்போம்.

(தொடரும்)